ஒன்பது கோன்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.2.2025

அக்காவுக்கு நமஸ்காரம்.

நீங்கள் என் போனை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கடிதம் போடுவது தபால்காரருக்கே வேடிக்கையாக இருக்கும்.

ஒரு உதவி வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. கோதா கண்ணை மூடிய பிறகு பிள்ளை த்ருவ் என்னைப் பெர்த்துக்கு அழைத்துப் போனான் அல்லவா, அங்கே எட்டு மாதம் இருந்தேன். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசுவான். புழு, இறால் ஒன்றும் கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் கட்டிய பொய்ப் பூச்சி. ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தான். கிளம்பும்போது பழைய தடி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினான். இப்போது மாதம் இரண்டு முறை மணப்பாடு கடற்கரைக்குப் போகிறேன். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். வீட்டுக்கு ஒரு செதிள்கூட வருவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொந்தரவு எங்கே என்றால் லைனில். சாதாரணத் தூண்டில் நரம்பு இல்லை, தடிமனான, பூச்சு பூசிய கயிறு. வீசிய பிறகு இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். இழுத்தது காலடியில் விழும். அலை அதை அள்ளிக்கொண்டு போய்க் காலில் சுற்றும். அதற்காக இடுப்பில் ஒரு கூடை கட்டிக்கொள்கிறார்கள், ஸ்டிரிப்பிங் பாஸ்கெட் என்று. இழுத்த லைன் அதில் விழுந்து கிடக்கும், அடுத்த வீச்சில் சிக்காமல் வெளியேறும்.

அமெரிக்கக் கூடை சுங்கத்தோடு பதினாலாயிரம் சொல்கிறார்கள். பென்ஷன்காரனுக்கு அது அதிகம். துணியில் மடக்குகிற மாதிரி ஒன்று நாலாயிரத்து ஐந்நூறு, காற்றடித்தால் சுருண்டுவிடுகிறதாம். பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியே போதும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அடி சமமாக இருந்தால் லைன் ஒரு மூலைக்குச் சரிந்து சிக்கிக்கொள்ளும். அடியில் முளைகள் வேண்டும். கேபிள் டை குத்தி வைத்துப் பார்த்தேன், வெயிலில் வளைந்துவிட்டது.

அப்போதுதான் அத்திம்பேரின் மில் ஞாபகம் வந்தது. நூல் சுற்றுகிற பிளாஸ்டிக் கோன். த்ருவ் சின்ன வயதில் உங்கள் வீட்டில் அதை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருப்பான். ஒன்பது கிடைத்தால் போதும். மில்லில் நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

யதிராஜன்


ராஜபாளையம்
14.2.2025

யதிராஜனுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து பிரித்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறவன் என்ன எழுதியிருப்பான் என்று ஒரு நினைப்பு இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறாய். இப்போது ‘நீங்கள்’. வாசலோடு நிறுத்திவைத்த பிறகு மரியாதை கூடிவிடும் போலிருக்கிறது. அது எனக்கு வேண்டாம். நீ என்றே எழுது.

நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எழுதிவைக்கிறேன். பேச்சில் எதையும் இல்லை என்று சாதிக்கிறவன் நீ, காகிதத்தில் அது நடக்காது. உன் அத்திம்பேர் போன முதல் வருஷம் ஆடிப்பூரத்துக்கு நானே வரவில்லை. அது முறை, எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருஷாப்திகம் முடிந்து 2019-இல் வந்தேன். முந்தின நாளே வந்து, உன் வீட்டு வேலைக்கு வருகிற அழகுத்தாயோடு தோட்டத்தில் துளசியும் மரிக்கொழுந்தும் பறித்து, அம்மாவின் மூங்கில் கூடையில் ஈரத்துணி விரித்து அடுக்கினேன். அம்மா என் பெயரைச் சொல்லி எனக்கென்று விட்டுப்போன கூடை. ஒன்பது வயதிலிருந்து அதை ஆண்டாள் சந்நிதிக்கு நான்தான் எடுத்துப் போயிருக்கிறேன். விடியற்காலை அதை எடுத்துக்கொண்டு ரேழிக்கு வந்தேன். நீ வாசற்படியில் நின்றாய். “அக்கா, அதைக் கொடு. கோதா எடுத்துண்டு வருவாள். ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவா” என்றாய்.

நான் விடவில்லை. நீ இழுத்தாய். விளிம்பில் சுற்றியிருந்த பித்தளைக் கம்பி என் சுண்டுவிரலைக் கிழித்தது. கோதா தலைகுனிந்து அதை வாங்கிக்கொண்டாள். ஏழு மணி பஸ்ஸில் நான் திரும்பிவிட்டேன்.

இனி உன் கோன்.

காகிதக் கோனா பிளாஸ்டிக் கோனா என்று தெரியாமல் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அந்த அளவு தெரிந்திருக்கிறது. ஆனால் கோனில் சாய்வு பலவிதம். நான்கு டிகிரி இருபது நிமிடம் ஒன்று, ஐந்து டிகிரி ஐம்பத்தேழு நிமிடம் இன்னொன்று. கிருஷ்ணன்கோவில் வகுப்பறையில் முப்பது வருஷம் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் ‘ஒன்பது கோன்’ என்று வாழைக்காய் கேட்கிற மாதிரி கேட்கிறாய். அதைவிட முக்கியம், கோனின் மேல் வரிவரியாக இருக்கும். நூல் வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்காக அப்படிச் செய்தது. உனக்கு வழுக்க வேண்டும். அப்படியே வைத்தால் உன் லைனைக் கவ்விக்கொள்ளும்.

தொட்டியின் நீளம், அகலம், ஆழம் எழுது. இதுவரை எந்தக் கூடையைக் கட்டிக்கொண்டு நின்றாய், அதில் என்ன குறை என்றும் எழுது. பழையதில் என்ன தப்பு என்று தெரியாமல் புதியதைச் செய்ய முடியாது.

கோதா போன பிறகு ஆடிப்பூரத்துக்குப் பூ எடுத்துப் போவது யார்?

விட்டுவிடுவதற்காக எதற்கு ஒரு மீனைப் பிடிக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. அதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

பங்கஜவல்லி


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.2.2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் பரீட்சைத் தாள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனால் வரி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடுமா?

தொட்டி பதினைந்து அங்குல நீளம், பன்னிரண்டு அகலம், ஆறு ஆழம் இருந்தால் சரி. வயிற்றோடு ஒட்டுகிற பக்கம் கொஞ்சம் உள்வாங்கி இருந்தால் நல்லது.

இப்போது இருப்பது ஒரு மூங்கில் கூடை. வீட்டில் கிடந்தது. தண்ணீர் நிற்பதில்லை, எடையும் இல்லை, அது வசதி. ஆனால் அடி குழிவாக இருப்பதால் லைன் நடுவில் குவிந்து முடிச்சு விழுகிறது. மூங்கில் பிளாச்சின் பிசிறு வேறு லைனைப் பிடிக்கிறது. பெல்ட் கோர்ப்பதற்கு இரண்டு பக்கமும் துளை போட்டதில் பின்னல் விட ஆரம்பித்துவிட்டது. உப்புத் தண்ணீரில் விளிம்புக் கம்பி பச்சை பூத்து, தொட்டால் கையெல்லாம் கறை.

பூ விஷயம் கேட்டாய். கோதா தவறிய வருஷம் நானே எடுத்துப் போனேன். போன வருஷம் அழகுத்தாயிடம் பையில் கொடுத்து அனுப்பினேன்.

அந்த நாளைப் பற்றி இத்தனை விவரமாக எழுத வேண்டுமா? கோதாவும் இல்லை. நடந்தது நடந்துபோயிற்று.

யதிராஜன்


ராஜபாளையம்
27.2.2025

யதிராஜனுக்கு,

விளிம்பில் பித்தளைக் கம்பி சுற்றிய மூங்கில் கூடை அந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. விளிம்பு பிரிந்தபோது அம்மா பித்தளை வேலை செய்யும் கன்னாரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று சுற்றவைத்தாள். நான் அப்போது மதுரை கான்வென்ட்டில் ஏழாவது படித்தேன், லீவுக்கு வந்திருந்தேன். ‘வீட்டில் கிடந்தது’ என்று எழுதுகிறாய்.

ஊகத்தில் ஒருவனைக் குற்றம் சொல்லக்கூடாது என்பதற்காக அழகுத்தாய்க்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள்: “ஆமாம்மா, அத அவிய கார் டிக்கியிலதான் போட்டுருக்காவ. எம்புட்டு மாசமாச்சு! சாமிக் கூடையாச்சேன்னு கேட்டேன், உன் வேலையப் பாருன்னுட்டாவ. டிக்கியத் தொறந்தா கவிச்சி வாடை குடலப் பெரட்டுது.”

நான் தொட்டால் ஆகாது என்று பிடுங்கிய கூடை. அதில் துளை போட்டு, இடுப்பில் கட்டி, மீனின் வழுவழுப்போடு கடலில் நிற்கிறாய். என் கை அதைவிடவா அசுத்தம் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. நீ ஏதாவது பதில் வைத்திருப்பாய்.

‘நானே எடுத்துப் போனேன்’ என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை மூன்று முறை படித்தேன். பெண்டாட்டியை இழந்தவன் எடுத்துப் போகலாம். அதற்கு ஊரில் நாலு பேர் ஒரு விதமாகவும் பேசவில்லை.

மில்லுக்கு நான் போகவில்லை.

பங்கஜவல்லி


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.3.2025

அக்கா,

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

அந்தக் கூடைதான். நான் பொய் சொல்லவில்லை, ஆனால் மறைத்தேன்.

பெர்த்திலிருந்து வந்த அன்று வீட்டைத் திறந்தேன். எட்டு மாதத் தூசி. பூஜை அறையில் கொக்கியில் கூடை தொங்கியது. கோதா கடைசியாக விரித்த துணி, நானும் மாற்றாமல் விட்டது, அதிலேயே காய்ந்து கிடந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எடுத்து உள்ளே வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். எடையே இல்லை. இடுப்பில் வைத்துப் பார்த்தால் சரியாகப் பொருந்தியது. அதற்கு அடுத்த நாள் மணப்பாடு போவதாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. யோசித்துச் செய்த காரியம் இல்லை.

ஒரு விதத்தில் யோசித்தேன் என்றும் சொல்லலாம். அந்தக் கூடையை எடுக்க இனி வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்தேன். கோதா போய்விட்டாள். த்ருவ் கல்யாணமே வேண்டாம் என்கிறான். நீ எடுக்கக்கூடாது. அப்படியானால் அது யாருக்கும் உபயோகமில்லாத கூடைதானே? சும்மா பூச்சி அரித்துப் போவதற்குப் பதிலாக என்னோடு வரட்டும் என்று தோன்றிற்று. இதை உன்னிடம் சொல்லும்போது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிகிறது.

கடலில் நிற்கும்போது மட்டும்தான் அக்கா எனக்குக் கோதாவின் ஞாபகம் வருவதில்லை. காலையில் நாலு மணி நேரம். அதற்காகத்தான் போகிறேன். மீனுக்காக இல்லை. கேட்டாயே, விட்டுவிடுவதற்கு எதற்குப் பிடிக்கிறாய் என்று.

கூடையைக் கழுவி, பெயிண்ட் கடையில் கொடுத்து வார்னிஷ் அடித்து, வாத்தியாரைக் கூப்பிட்டுச் சுத்திக்குப் புண்ணியாகவாசனம் செய்து உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். நீ உன் வீட்டிலேயே வைத்துக்கொள்.

யதிராஜன்


ராஜபாளையம்
2.4.2025

யதிராஜனுக்கு,

கோதாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அவளுடைய காரியத்துக்கு வந்தேன், பின்னால் நின்றுவிட்டு வந்தேன், நீ என்னைப் பார்த்தாய். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மற்றதற்குப் பதில் உண்டு. ‘நீ எடுக்கக்கூடாது, அப்படியானால் அது யாருக்கும் உபயோகமில்லாத கூடை.’ முதல் பாதியை நீதான் முடிவு செய்தாய். அதை வைத்துக்கொண்டு இரண்டாவது பாதிக்கும் வந்துவிட்டாய். பிறகு அந்த உபயோகமில்லாத கூடையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாய். உன் மாணவன் ஒருவன் இப்படி ஒரு நிரூபணம் எழுதிக்கொடுத்தால் என்ன மதிப்பெண் போட்டிருப்பாய்?

என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குக் கூடை வேண்டாம். இங்கே அழகு பார்க்க ஒரு ஆணியும் காலியாக இல்லை. வார்னிஷ் வேண்டாம். புண்ணியாகவாசனமும் வேண்டாம். பச்சை பூத்த கம்பியோடு, உன் துளையோடு, எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும். புளி போட்டு நானே தேய்த்துக்கொள்வேன்.

இந்த ஆடிப்பூரத்தன்று விடியற்காலை ஐந்து மணிக்கு உன் வாசலுக்கு வருவேன். எந்தப் படியில் நின்று வாங்கினாயோ அந்தப் படியில் நின்று அதை என் கையில் கொடுக்க வேண்டும். நான் அதில் பூ எடுத்துப் போவேன். நீ பின்னால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

உனக்குக் கூடை இல்லாமல் போகும் என்ற காரணத்தை நீ சொல்லக்கூடாது என்பதற்காக மில்லுக்குப் போனேன். மாரீஸ்வரன் இன்னும் ஸ்டோர்ஸில்தான் இருக்கிறார். “ஒம்பது கோனு எதுக்கும்மா? வடாம் பிழியவா?” என்றார். மீன் பிடிக்க என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சார் இருந்தா நம்ப மாட்டாரு” என்றார். ஐந்து ஐம்பத்தேழு சாய்வில் எடுத்துக்கொண்டேன். அடி அகலம், நிலையாக நிற்கும். நாலு அங்குலமாக வெட்டி, வரி போகும்வரை ஒவ்வொன்றாக உப்புத்தாளில் தேய்க்கிறேன். ஒரு கோனுக்கு ஒரு சாயங்காலம் ஆகிறது. வெட்டிய பிளாஸ்டிக்கின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தொட்டி ஊதா நிறத்தில்தான் கிடைத்தது. நூற்று எழுபது ரூபாய்.

சம்மதமா என்று ஒரு வரி எழுது.

பங்கஜவல்லி


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.4.2025

அக்கா,

வீட்டுக்குள் வைத்துக் கொடுக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாயா? வாசற்படி என்றால் எதிர்வீட்டு மாமியிலிருந்து எல்லாரும் கோலம் போடுகிற நேரம். உன்னை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குத் தாங்காது. அன்றைக்கும் அதற்காகத்தான் வாங்கினேன், நீ நம்ப மாட்டாய்.

தேர் பார்க்க எவ்வளவு கூட்டம் வரும் என்று உனக்குத் தெரியும். எழுபத்து மூன்று வயதில் அந்த நெரிசலில் கூடையோடு போக முடியுமா?

யதிராஜன்


ராஜபாளையம்
24.4.2025

யதிராஜனுக்கு,

வாசற்படி.

என் வயது எனக்குத் தெரியும். உன் வயது அறுபத்தொன்பது. அலையில் நிற்கலாம் என்றால் வரிசையிலும் நிற்கலாம்.

பங்கஜவல்லி


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.5.2025

அக்கா,

சரி. ஆடிப்பூரம், ஐந்து மணி, வாசற்படி.

யதிராஜன்


ராஜபாளையம்
30.6.2025

யதிராஜனுக்கு,

தொட்டி தயார். ஒன்பது கோனும் மூன்று வரிசை, நடு வரிசை சற்று தள்ளி. கோனின் மூக்கில் ஓட்டை இருந்தால் உன் லைன் உள்ளே நுழைந்துகொள்ளும் என்பதால் எம்சீல் வைத்து அடைத்துத் தேய்த்திருக்கிறேன். இரும்புத் திருகு துரு ஏறும், ஆகவே அடியில் நைலான் கட்டு. தண்ணீர் வடியப் பன்னிரண்டு துளை. வயிற்றுப் பக்கத்தை மாரீஸ்வரன் சூடு காட்டி உள்ளே வளைத்துக் கொடுத்தார். பெல்ட் அவருடைய பழைய பெல்ட், தோல் அல்ல, கித்தான். ‘அவருடைய’ என்றால் மாரீஸ்வரனுடையது அல்ல, யாருடைய என்று உனக்குத் தெரியும்.

முப்பதடி கொடிக்கயிறை அதில் விட்டுவிட்டு உருவிப் பார்த்தேன். இருபது முறை செய்தேன். ஒரு முறைகூடச் சிக்கவில்லை. உன் பதினாலாயிரம் ரூபாய்க் கூடையில் இது நடக்குமா என்று எனக்குத் தெரியாது.

ஆடிப்பூரத்துக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. அதுவரை அம்மாவின் கூடையைத் தண்ணீரில் இறக்காதே. இதைக் கேட்டுக்கொள்கிறேன். நான் எதையும் கேட்டுக்கொள்கிற பழக்கமுள்ளவள் இல்லை.

பங்கஜவல்லி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.7.2025

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராக எழுதிவிடுகிறேன். கூடை போய்விட்டது.

உன் கடிதம் ஒன்றாம் தேதியே வந்தது. ஐந்தாம் தேதி மணப்பாட்டிலிருந்து ஜெபின் போன் செய்தான். அவன் அங்கே படகு வைத்திருப்பவன், என் கூடவே நிற்பவன். பாரை மீன் கரையை ஒட்டி வந்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள்தான் நிற்கும் என்றான். உன் தொட்டி வருகிற வரையில் பொறுக்க வேண்டும் என்று தெரியும். கூடை இல்லாமல் போகலாம் என்றுதான் கிளம்பினேன். டிக்கியில் அது இருந்தது. ஒரே ஒரு தடவை என்று கட்டிக்கொண்டேன்.

காற்று பலமாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு அலை அடித்து விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கூடை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு என்னை இழுத்தது. லைன் காலைச் சுற்றிக்கொண்டது. ஜெபின் கரையிலிருந்து, “கூடைய அவுத்து விடுங்க சார், கூடைய விடுங்க!” என்று கத்துகிறான். நான் விடவில்லை. நம்புவாயோ என்னவோ, விடக்கூடாது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது அலையில் உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் போன பிறகு பெல்ட்டை அவிழ்த்தேன். பிறகு ஜெபின் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் கரை நெடுகத் தேடினோம். பெரியதாழைப் பக்கம்கூடச் சொல்லிவைத்திருக்கிறேன். பித்தளைக் கம்பி கொஞ்சம் கிடைத்தது, ஒரு முழம் இருக்கும். இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் வாசலுக்கே வந்து சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை பஸ் ஏறினேன். உன் நிறுத்தத்தைத் தாண்டிச் செட்டியார்பட்டி வரைகூடப் போய்விட்டுத் திரும்பினேன், இறங்கத் தைரியம் வரவில்லை.

அதே மாதிரி மூங்கில் கூடை ஒன்று மம்சாபுரத்தில் பின்னச் சொல்லியிருக்கிறேன். ஆடிப்பூரத்துக்குள் வந்துவிடும். அதை வாசற்படியில் நின்று உன் கையில் கொடுக்கிறேன். யார் பார்த்தாலும் சரி.

யதிராஜன்


ராஜபாளையம்
29.7.2025

யதிராஜனுக்கு,

நீ உயிரோடு இருப்பதில் எனக்குச் சந்தோஷம். இதை முதலில் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஜெபினுக்கு என் நன்றியைச் சொல்.

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. நேற்றைக்கு ஆடிப்பூரத்தில் என்ன நடந்தது என்று நீ கொஞ்சம்தான் பார்த்தாய், மீதியை எழுதிவிடுகிறேன்.

மம்சாபுரத்துக் கூடையை நீ படியில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நல்ல பின்னல். அது அம்மாவின் கூடை அல்ல. நீ எனக்குக் கொடுக்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அது உன்னிடம் இல்லை. ஆகவே நான் நிற்கவில்லை.

பூ உன் தோட்டத்துப் பூதான். அப்பா வைத்த தோட்டம் என்பதால் உன்னைக் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அழகுத்தாய் பறித்துத் தன் வீட்டில் ஈரச்சாக்கில் போட்டு வைத்திருந்தாள். விடியற்காலை அவள் வீட்டில் வைத்துத் தொட்டியில் அடுக்கினேன். மூங்கில் கூடையில் என்றால் அடியில் இருக்கிற துளசி நசுங்கிவிடும், அறுபது வருஷமாக அந்தக் குறை இருந்தது. இதில் கோனுக்குக் கோன் நடுவே கொத்துக்கொத்தாக நிறுத்தினேன். ஒரு இலை மடங்கவில்லை. தெளித்த தண்ணீர் பன்னிரண்டு துளையிலும் வடிந்துபோயிற்று. அழகுத்தாய் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “தாயி, இது தொட்டி மாதிரியே இல்ல, நாத்தங்கால் மாதிரி இருக்கு” என்றாள்.

நெரிசலில் கூடையோடு போக முடியுமா என்று கேட்டு நீதான் எனக்கு யோசனை கொடுத்தாய். பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவருடைய பெல்ட், கடைசித் துளை எனக்குச் சரியாக இருந்தது. அப்படித்தான் உன் வாசலைத் தாண்டி நடந்தேன். நீ கையை நீட்டினாய். தொட்டிக்காகவா எனக்காகவா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தடுப்புக் கட்டைக்கு அருகில் ஒரு பெண் கான்ஸ்டபிள் நிறுத்தினாள். “என்ன பாட்டிம்மா, வயித்துல கட்டிருக்கீங்க?” பூ என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?” என்று கேட்டுவிட்டு, வயதானவர்கள் வரிசையில் கொண்டுபோய் விட்டாள். இரண்டு மணி நேரம் நின்றேன். சந்நிதியில் பூ வாங்குகிறவர் கொத்தாக எடுத்துக்கொண்டார், கோனைத் தட்டிப் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் நெற்றியை அவர் பார்க்கவில்லை. என்னை யாரென்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது உன் எதிர்வீட்டு மாமி பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷமாக எந்த வாய்க்குப் பயந்தாயோ அந்த வாய். “பங்கஜம்! ஏன்டி ஆறு வருஷமா வரல? உடம்பு சரியில்லையான்னு உன் தம்பியக் கேட்டேன், ஆமான்னான்” என்றாள்.

ஆக, ஊருக்கு நான் நோயாளி. நீ அப்படிச் சொல்லிவைத்திருக்கிறாய். என்னை வர வேண்டாம் என்று அந்த ஊரில் சொன்னது ஒரே ஒரு ஆள். அவனுக்குத்தான் ஒன்பது சாயங்காலம் உட்கார்ந்து கோன் தேய்த்தேன்.

நீ அனுப்பிய ஒரு முழக் கம்பியைப் புளி போட்டுத் தேய்த்தேன். பச்சை போய்விட்டது. தொட்டியின் விளிம்பில் சுற்றியிருக்கிறேன். அடுத்த ஆடிப்பூரத்துக்கும் இதுதான்.

ஆகவே உனக்குக் கூடை இல்லை. மணப்பாட்டுக்கு நீ போகாமல் இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், கூடை இல்லாமல் நின்றால் லைன் மறுபடி காலைச் சுற்றும். அமெரிக்கக் கூடை பதினாலாயிரம் என்று எழுதியிருந்தாய், பென்ஷன்காரனுக்கு அதிகம் என்றும் எழுதியிருந்தாய். அதிகம் ஒன்றும் இல்லை. வாங்கிக்கொள்.

பங்கஜவல்லி